தேயும் காமிரா

வணிகவியல் வகுப்பில் தேய்மானம் என்ற பாடம் வரும்போதெல்லாம் எடுத்துக்காட்டாக ஓர் எந்திரம்தான் வந்து நிற்கும். அடக்க விலை 1,00,000 ரூபாய். ஆயுட்காலம் 10 ஆண்டுகள். இறுதி மதிப்பு 10,000 ரூபாய். ஆண்டுத் தேய்மானம் என்ன? நாமும் 9,000 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். அது என்ன எந்திரம், அதை யார் எந்தப் பணத்தில் வாங்கினார், பத்தாம் ஆண்டு முடிவில் 10,000 ரூபாயை எண்ணி வைத்து அதைத் தூக்கிக்கொண்டு போகும் புண்ணியவான் யார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் அதற்கு மதிப்பெண்ணும் இல்லை.

அந்தக் கேள்விகளை இம்மலரில் கேட்கலாம் என்று நினைக்கிறேன். எடுத்துக்கொள்ளும் பொருள் டிஜிட்டல் காமிரா. இன்று நம் கல்லூரியில் படிப்போரில் பலருக்குக் காமிரா ஒரு பிழைப்பாகவும் தெரிகிறது. முகூர்த்த நாட்களில் வகுப்புக்கு வராதவர்கள் எங்கே போகிறார்கள் என்பது பேராசிரியர்களும் அறிந்ததே. கடன் பட்டுக் காமிரா வாங்கும் வீடுகள் பெருகிவிட்டன. ஆனால் அந்தப் பொருளின் விலை எப்படி இறங்குகிறது, ஏன் இறங்குகிறது என்பதை மட்டும் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. விற்பவர் சொல்ல மாட்டார். அது அவர் தொழில். வணிகவியல் படிக்கும் நாமாவது சொல்ல வேண்டாமா?

முதலில் பழைய பிலிம் காமிராவை நினைத்துப் பாருங்கள். பென்டாக்ஸ் நிறுவனத்தின் கே 1000 என்ற காமிரா 1976ஆம் ஆண்டு முதல் 1997 வரை, ஏறத்தாழ எந்த மாற்றமும் இன்றிச் செய்து விற்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே காமிரா! அதை 1976இல் வாங்கியவர் 1996இல் நல்லதொரு பிலிம் சுருளைப் போட்டால், 1996ஆம் ஆண்டின் தரத்தில் படம் வந்தது. காரணம் எளிது. படத்தைப் பதிவு செய்யும் பொருள் காமிராவுக்குள் நிலையாக இல்லை. ஒவ்வொரு சுருளோடும் அது புதிதாக உள்ளே போயிற்று. காமிரா என்பது ஒளி புகாத பெட்டி, ஒரு மூடி, ஒரு கண்ணாடி. பெட்டிக்கு வயதானால் என்ன?

டிஜிட்டல் காமிராவில் இந்த ஏற்பாடு தலைகீழாயிற்று. பிலிம் இருந்த இடத்தில் உணர்வித் தகடு வந்து நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. மேலான தகடு ஒன்று சந்தைக்கு வந்தால் பழைய காமிராவைத் திறந்து அதைப் பொருத்த வழியில்லை. அதனால் காமிரா, கண்ணாடிக்கடைப் பொருள் என்ற நிலையிலிருந்து மாறிக் கணிப்பொறியின் சாதியில் சேர்ந்துவிட்டது. கணிப்பொறி எப்படித் தேய்கிறதோ அப்படியே அதுவும் தேயத் தொடங்கியது.

அந்தத் தேய்மானம் எத்தகையது என்பதற்கு மூன்று ஆண்டுகளைச் சொன்னால் போதும். (முதன்முதலாக டிஜிட்டல் காமிரா ஒன்றைச் செய்து பார்த்தவர் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன், ஆண்டு 1975. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்ததாம். அது வேறு கதை.) 1991இல் அதே கோடாக் நிறுவனம் 13 லட்சம் புள்ளிகள் கொண்ட ஒரு காமிராவை விற்பனைக்குக் கொண்டு வந்தபோது அதன் விலை 20,000 அமெரிக்க டாலரையும் எட்டியது. 1999இல் நிக்கான் நிறுவனத்தின் டி 1 ஏறத்தாழ 27 லட்சம் புள்ளிகளோடு, 5,000 டாலர் அளவில் வந்தது. 2003இல் கானான் நிறுவனத்தின் 300 டி, 63 லட்சம் புள்ளிகளோடு, லென்ஸையும் சேர்த்து 999 டாலருக்கு வந்தது. 1999இல் டி 1 வாங்கிய ஒரு பத்திரிகை நிழற்படக்காரரை எண்ணிப் பாருங்கள். அவர் காமிராவில் ஒரு கீறல் இல்லை, தூசி இல்லை, பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார் என்றே கொள்வோம். நான்கே ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு இரு மடங்கு புள்ளிகள் கொண்ட காமிரா பக்கத்துக் கடையில் நிற்கிறது. அவருடையதை யார் என்ன விலைக்குக் கேட்பார்?

இதைத் தேய்வு என்று சொல்வது சரியன்று. நம் பாடநூல் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது: வழக்கொழிவு. தேய்வைக் கவனத்தால் தடுக்கலாம். வழக்கொழிவை உரிமையாளர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தடுக்க இயலாது.

வருமான வரிக் கணக்கில் இது எப்படிப் பார்க்கப்பட்டது என்பது சுவையான செய்தி. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளில் கணிப்பொறிக்குத் தேய்மானம் 60 விழுக்காடாக இருந்து, பின்னர் 40 விழுக்காடு ஆயிற்று. காமிராவுக்குத் தனி இனம் இல்லை. பொது எந்திரங்களோடு சேர்ந்து அதற்கு 15 விழுக்காடு. 60,000 ரூபாய்க் காமிரா ஒன்றைக் குறைந்து செல் மதிப்பு முறையில் 15 விழுக்காடு வீதம் கழித்துக்கொண்டே போனால், ஐந்தாம் ஆண்டு முடிவில் ஏட்டில் 26,622 ரூபாய் நிற்கும். அதையே கணிப்பொறியாக எண்ணி 40 விழுக்காடு கழித்தால் 4,666 ரூபாய்தான் மிஞ்சும். உண்மைச் சந்தை இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. விலை குறைந்த, தொடக்கநிலைக் காமிராக்கள் இரண்டாவது எண்ணின் பக்கமே சாய்கின்றன என்பது நான் நேரில் கண்டது. ஏடு ஒன்று சொல்லச் சந்தை வேறொன்று சொல்கிறது.

நான் விடுமுறை நாட்களில் ஒரு ஸ்டூடியோவில் உதவிக்குப் போய்வருகிறேன். அதை நடத்தும் அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் தேய்மானம் பற்றி அவர் சொன்ன ஒரு வாக்கியம் எந்தப் பாடநூலிலும் இல்லாதது. "தம்பி, கடன் வாங்கித்தான் ஆகணும்னா லென்ஸுக்கு வாங்கு, பாடிக்கு வாங்காதே" என்றார். ஏன் என்று கேட்டேன். "லென்ஸ் கண்ணாடி. கண்ணாடி அப்படியே இருக்கும். பாடி கம்ப்யூட்டர்" என்றார்.

அவர் சொன்னதைச் சரிபார்த்தேன். கானான் நிறுவனம் தன் இ.எஃப். வகைப் பொருத்தியை 1987இல் கொண்டு வந்தது. அந்த ஆண்டின் லென்ஸ் 2020இல் வந்த காமிராவிலும் நேராகப் பொருந்தியது. அந்த வகையில் 50 மில்லிமீட்டர் லென்ஸின் ஒரு பதிப்பு 1990 முதல் 2015 வரை மாறாமல் விற்றது. அந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் டிஜிட்டல் காமிராக்களில் எத்தனை தலைமுறைகள் பிறந்து இறந்தன! எனினும் இங்கேயும் இப்போது ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. 2018இல் நிக்கான், கானான் ஆகிய இரண்டும் கண்ணாடி மடிப்பு இல்லாத புதுவகைக் காமிராக்களுக்கென்று புதிய பொருத்திகளைக் கொண்டு வந்தன. இடைவளையம் ஒன்றைப் போட்டுப் பழைய லென்ஸை அவற்றில் மாட்டலாம் என்றாலும், புதியவர்கள் புதிய லென்ஸையே தேடுவதால் பழைய லென்ஸின் விலையும் இறங்கத் தொடங்கிவிட்டது. கண்ணாடி அப்படியேதான் இருக்கிறது. அதை மாட்டும் காமிராவை விட்டு ஊர் நகர்கிறது.

இனி, நண்பர்களே, என் கருத்துக்கு வருகிறேன். காமிராவின் விலை வீழ்ச்சியைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் அதை ஓர் இழப்பாகவே பேசுகிறார்கள். யாருக்கு இழப்பு? முதல் உரிமையாளருக்கு. அவர் விட்டுச் சென்ற பணம் இரண்டாவது உரிமையாளரின் சட்டைப்பையில் மிச்சமாகிறது. நம்மைப் போன்றவர்கள், அரசுக் கல்லூரியில் கட்டணச் சலுகையில் படிப்பவர்கள், ஏன் முதல் உரிமையாளராகவே இருக்க வேண்டும் என்று துடிக்கிறோம்?

இதற்கு ஒரே விடை சொல்லப்படுகிறது: பழைய காமிரா பழைய படத்தைத்தான் எடுக்கும். 2003இல் இது உண்மை. இன்று பெரும்பாலும் உண்மையில்லை. 2012ஆம் ஆண்டிலேயே நிக்கானின் தொடக்கநிலைக் காமிரா ஒன்று 240 லட்சம் புள்ளிகளோடு வந்துவிட்டது. 2024இல் அதே நிறுவனம் வெளியிட்ட, பல மடங்கு விலையுள்ள காமிராவிலும் ஏறத்தாழ அதே எண்ணிக்கைதான். கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கம் 12க்கு 18 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுத் தரத்தில் அதற்குத் தேவை 3,600 பெருக்கல் 5,400, அதாவது 194 லட்சம் புள்ளிகள். பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய காமிராவே இதைத் தாண்டிவிடுகிறது. நீங்கள் கையில் வைத்திருக்கும் இம்மலரில் 5க்கு 7 அங்குலத்தில் ஒரு படம் அச்சிட 32 லட்சம் புள்ளிகள் போதும்; 2003ஆம் ஆண்டுக் காமிராவில் அதைப் போல் இரு மடங்கு இருந்தது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மண்டபத்தின் மங்கலான விளக்கில் படமெடுப்பது, நகரும் மனிதரின் கண்ணை விடாமல் பிடித்துக் கூர்மையாக்குவது, வீடியோ எடுப்பது ஆகியவற்றில் புதிய காமிராக்கள் மெய்யாகவே முன்னேறியிருக்கின்றன. நாளைக்கே முகூர்த்தத்துக்குத் தனியாகப் போய் நிற்க வேண்டியவருக்கு அவற்றால் பயன் உண்டு. கற்றுக்கொள்ளும் மாணவனுக்கு இவற்றில் எது இல்லாமல் போனால் படிப்பு நின்றுவிடும்?

இப்போது பழைய காமிராவின் விலை இறங்குவதற்குக் காரணமும் மாறிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பு புதிய காமிரா பழையதைக் கொன்றது. இப்போது கைப்பேசி எல்லாக் காமிராக்களையும் ஒதுக்கித் தள்ளியிருக்கிறது. ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர்களின் சங்கம் தரும் கணக்கின்படி, 2010இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கும் மேல். 2020இல் அது 90 லட்சத்துக்கும் கீழ். கூட்டம் கலைந்த சந்தையில் நல்ல பொருளும் மலிவாகக் கிடைக்கும். படத்தின் தரம் குறையாமல் விலை மட்டும் குறைந்திருக்கும் இந்த நிலை வாங்குவோருக்கு எப்போதும் வாய்ப்பதன்று.

என்னோடு படிக்கும் ஒரு நண்பரின் வீட்டில் சென்ற ஆண்டு நடந்ததைச் சொன்னால் என் வேகத்துக்குக் காரணம் புரியும். பெயர் வேண்டாம். அவருடைய தாயார் சங்கிலியை அடகு வைத்து மகனுக்குப் புதிய காமிரா வாங்கிக் கொடுத்தார். பெட்டியைப் பிரித்த அன்றே அந்தக் காமிரா பழைய காமிரா ஆகிவிட்டது. சரக்கு மற்றும் சேவை வரியாக 18 விழுக்காடு அதன் விலைக்குள் இருந்தது. 59,000 ரூபாய் கொடுத்தால் அதில் 9,000 ரூபாய் வரி. அந்தப் பணம் மறுவிற்பனையில் திரும்பி வராது. வாங்கிச் செல்பவர் உங்கள் பொருளுக்குத்தான் விலை கொடுப்பார், நீங்கள் கட்டிய வரிக்குக் கொடுக்க மாட்டார். அதன் மேல் அடகு வட்டி வேறு. 2020க்குப் பின் தங்கத்தின் விலை எப்படி ஏறியது என்பது எல்லோரும் கண்டது. அடகுக் கடையில் இருக்கும் சங்கிலியின் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. வீட்டு அலமாரியில் இருக்கும் காமிராவின் விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மா ஏறும் பொருளைக் கொடுத்து இறங்கும் பொருளை வாங்கியிருக்கிறார். பாதி விலைக்குள் கிடைத்திருக்கக்கூடிய ஒரு பழைய காமிராவுக்குச் சங்கிலி வேண்டியிருக்காது. ஒரு மோதிரமே போதுமாயிருக்கும்.

தொழில் செய்வோர் நிலை வேறு. அவர்கள் காமிரா ஆண்டுக் கணக்கில் தேய்வதில்லை, ‘கிளிக்’ கணக்கில் தேய்கிறது. காமிராவின் மூடிக்கு, அதாவது ஷட்டருக்கு, இத்தனை முறை தாங்கும் என்று உற்பத்தியாளர்களே ஓர் எண் சொல்வதுண்டு. எளிய காமிராக்களுக்கு 1 லட்சம் என்பது வழக்கம். கானானின் 5 டி மார்க் 3க்கு 1,50,000. நிக்கானின் டி 850க்கு 2,00,000. ஒரு கல்யாணத்தில் 2,000 படம் எடுப்பதாகவும், ஆண்டுக்கு 40 முகூர்த்தம் கிடைப்பதாகவும் கொண்டால் ஆண்டுக்கு 80,000 ஆகிறது. 1,50,000 தாங்கும் ஷட்டர் இரண்டு ஆண்டுக்குள் எல்லையைத் தொட்டுவிடும். (எல்லையைத் தாண்டியும் ஓடுவன உண்டு. புதிய காமிராக்கள் சிலவற்றில் அசையும் ஷட்டரே இல்லை.) 60,000 ரூபாய்க்கு வாங்கி, அந்த எல்லையில் 15,000 ரூபாய்க்கு விற்பதாக வைத்தால், இடையில் போன 45,000 ரூபாயை 1,50,000 படங்களுக்குப் பங்கிட ஒரு படத்துக்கு 30 காசு. ஒரு கல்யாணத்துக்கு 600 ரூபாய். ஒவ்வொரு முகூர்த்தத்திலும் காமிரா 600 ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுகிறது!

இந்த 600 ரூபாயைப் பில்லில் சேர்ப்பவர் யார்? எங்கள் அண்ணனிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஆல்பத்துக்கு இவ்வளவு, உதவியாளுக்கு இவ்வளவு, பெட்ரோலுக்கு இவ்வளவு என்று எழுதும் வழக்கம் அவருக்கு உண்டு. காமிராவுக்கு என்று ஒரு வரி எழுதியதில்லை. காமிரா கையில் இருப்பதால் அதற்குச் செலவில்லை என்பதே இத்தொழிலில் பலரின் நினைப்பு. மூன்றாம் ஆண்டு புதிய காமிரா வாங்கும் நிலை வரும்போது கையில் காசில்லாமல் மறுபடியும் மாதத் தவணைக்குப் போகிறார்கள். போட்டிக்காக விலையைக் குறைத்துப் பேசும் இளைஞர்கள் தங்கள் லாபத்தைத்தான் குறைப்பதாக நினைக்கிறார்கள். அவர்கள் குறைப்பது காமிராவின் பங்கை. இப்போது அண்ணன் ஒவ்வொரு விசேஷத்துக்கும் 600 ரூபாயை ஓர் உண்டியலில் போடுகிறார். “நீ படிச்ச படிப்பு இதுக்காவது ஆச்சே” என்று கேலியும் செய்கிறார்.

பழையது வாங்குவதில் ஏமாற்று இல்லையா என்ற கேள்வி நியாயமானது. பொருளியல் மாணவர்கள் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பெயரை அறிவார்கள். பழைய கார்ச் சந்தையை வைத்து அவர் 1970இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, ஆகவே வாங்குபவர் எல்லாவற்றையும் சந்தேகித்து விலையைக் குறைக்கிறார், நல்ல பொருள் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகுகிறார், கடைசியில் மோசமானவையே சந்தையில் நிற்கின்றன. 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். அவர் சொன்ன நோய்க்கு வெளிநாடுகளில் மருந்தும் கண்டிருக்கிறார்கள். டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியிலுள்ள பழைய காமிராக் கடைகளில் ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் குறித்த சீட்டு ஒட்டி வைக்கிறார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய காமிராவுக்கு மாதக்கணக்கில் உத்தரவாதம் தரும் பெரிய கடைகள் உண்டு. அந்த வசதி இல்லாத நம் ஊரில் நம் கண்ணும் கையும்தான் உத்தரவாதம்.

கண்ணுக்கும் கைக்கும் வேலை அதிகமில்லை. ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று கேளுங்கள். சில காமிராக்களில் எடுத்த படத்தின் கோப்பிலேயே அந்த எண் பதிந்திருக்கும், சிலவற்றில் அதற்கென்று உள்ள மென்பொருளால்தான் பார்க்க முடியும். லென்ஸின் துவாரத்தை 16 என்ற எண்ணுக்குச் சுருக்கி ஒரு வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் தகட்டின் மேலுள்ள அழுக்கெல்லாம் கரும்புள்ளியாகத் தெரியும். அழுக்கு என்றால் துடைக்கலாம், அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது ஃபங்கஸுக்கு. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், பையிலேயே பூட்டி வைத்த லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் அது படர்ந்துவிடுகிறது. செல்பேசி விளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பார்த்தால் தெரியும். அதிகம் பயன்படுத்தாத காமிரா என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், நான் அந்த லென்ஸை இரண்டு முறை பார்ப்பேன். வாங்கிய பில் இல்லாத காமிராவை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். அது யாரோ ஒருவர் அழுத காமிராவாக இருக்கலாம்.

விலை ஏறிய பழைய காமிராக்களும் உண்டே என்று ஒரு நண்பர் வாதிட்டார். உண்டு. 2020இல் 1,399 டாலருக்கு வந்த ஃபியூஜி நிறுவனத்தின் எக்ஸ் 100 வி, சமூக ஊடகப் புகழால் 2022, 2023 ஆண்டுகளில் அதைவிட அதிக விலைக்குப் பழைய சந்தையில் கைமாறியது. புதியது கடையில் கிடைக்காத தட்டுப்பாடு அதற்குக் காரணம். 2024இல் அடுத்த காமிரா வந்தது. ஏதோ ஒரு வகைக்கு அடித்த யோகத்தைக் காட்டிக் காமிராவை முதலீடு என்று பேசுவது, ஒருவருக்கு லாட்டரி விழுந்ததைக் காட்டி எல்லோரையும் சீட்டு வாங்கச் சொல்வதைப் போன்றதே.

எல்லோரும் பழையதையே தேடினால் புதியதை வாங்குவார் யார், பழையது எங்கிருந்து வரும் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் புன்னகையோடு கேட்டார். புதியதுதான் வேண்டும் என்பவர்கள் எந்தக் காலத்திலும் இருப்பார்கள், ஐயா; வெளிநாட்டிலிருந்து வரும் மாமாக்கள் இருக்கிறார்கள்; பொழுதுபோக்காக வாங்கி ஆறு மாதத்தில் சலிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய சலிப்பு நமக்குத் தள்ளுபடி. அவ்வளவு தூரம் போவானேன்? இந்த ஏப்ரலில் படிப்பை முடித்து வெளியேறும் இறுதியாண்டு மாணவர்களில் காமிரா வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலைக்குப் போவதால் விற்கப் போகிறவர்கள் யார் என்று நம் மாணவர் மன்றம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால் போதும். யார் கையில் அந்தக் காமிரா மூன்றாண்டு இருந்தது, ஆண்டு விழாவில் அது எத்தனை முறை கீழே விழுந்தது என்பதெல்லாம் நமக்கே தெரியும். விற்கும் அண்ணனுக்குக் கடைக்காரர் தருவதைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கும். வாங்கும் தம்பிக்குக் கடைக்காரர் கேட்பதைவிடக் கொஞ்சம் குறையும். அந்த நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொள்ள நான் ஆயத்தமாக இருக்கிறேன். மாலை நான்கு மணிக்கு மேல் வணிகவியல் துறை வராந்தாவில் கேட்கலாம்.